நீலம் எடுப்பவள்

கொளத்தூரில் மீன் வளர்த்துப் பிழைக்கிற தெருக்களில் ஒன்றான எங்கள் தெருவில் மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டியும் கூடத்தில் கண்ணாடித் தொட்டியும் இல்லாத வீடு கிடையாது. கொசுவலை போட்டு மூடிய அந்தத் தொட்டிகளில் நாங்கள் வளர்க்கிற கப்பியும் மோலியும் தங்கமீனும், காற்றடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பைகளில் ஏறி, நாங்கள் பார்த்தேயிராத ஊர்களின் கூடங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. முன்பெல்லாம் வாங்குகிறவர்கள் நேரில் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்து வாங்குவார்கள். போன் வந்த பிறகு யாரும் வருவதில்லை, படம்தான் போகிறது. படம் போகத் தொடங்கிய அன்றே நீலத்தின் தொல்லையும் தொடங்கிவிட்டது.

தொட்டிக்கு மேல் எரிகிற விளக்கின் நீலம் நம் கண்ணுக்குப் பழகிப்போகும், போனின் கண்ணுக்குப் பழகுவதில்லை. சிவப்பு மீனைப் படமெடுத்தால் கத்தரிக்காய் நிறத்தில் வந்தது, வெள்ளை மீனைப் படமெடுத்தால் சொட்டு நீலத்தில் முக்கிப் பிழிய மறந்த வேட்டி மாதிரி வந்தது. இது மீனா, மீனோட ஆவியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள்.

அந்த நீலத்தை எடுக்கத் தெரிந்தவள் அம்சவேணி ஒருத்திதான். அவளுடைய கணவன் துரைக்கண்ணு ஒரு மழைநாளில் காற்று மோட்டாரின் ஒயரை ஈரக் கையால் தொட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் விட்டுப்போன தொட்டிகளையும் மகள் ஷர்மிளாவையும் அவள்தான் வளர்த்தாள். கல்லூரிக்குப் போன ஷர்மிளாதான் வித்தையை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தாள்: தயிர் டப்பாவின் வெள்ளை மூடியைக் கழுவி, கூழாங்கல் கட்டித் தொட்டிக்குள் இறக்க வேண்டும், மூடியோடு ஒரு படம் எடுக்க வேண்டும், போனில் ஒரு கோடு இருக்கிறது, அதன் ஒரு முனை நீலம், மறுமுனை மஞ்சள், விரலை மஞ்சள் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய், படத்தில் மூடி வெள்ளையாகிற இடத்தில் நிறுத்த வேண்டும், அதே அளவை மற்றப் படங்களுக்கும் வைத்தால் மீன் தன் நிறத்துக்கு வந்துவிடும். சொல்லக் கேட்டால் சுலபம். ஆனால் மற்றவர்கள் தள்ளினால் மீன் மசாலா தடவி வறுக்கத் தயாரானதுபோல் தெரிந்தது. நிறுத்துகிற இடம் அம்சவேணியின் விரலுக்குத்தான் தெரிந்தது. ஆகவே தெருவே தன் படங்களை அவளுக்கு அனுப்பியது. அவள் சமைத்துக்கொண்டும், தொட்டி கழுவிக்கொண்டும், முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து நீலத்தை எடுத்துக்கொண்டும் இருந்தாள்.

அவள் விரலால் தள்ளுகிற மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அது எங்கள் தெருவிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

முதலில் லோகநாயகியின் அஞ்சறைப்பெட்டியில் மஞ்சள்தூள் அரிசி மாவு மாதிரி வெளுத்துக் கிடந்தது. அம்சவேணியின் எதிர்வீட்டுக்காரியான லோகநாயகி, எங்கள் தெருவில் எது ஆகும், எது ஆகாது, யார் முன்னால் நிற்கலாம், யார் பின்னால் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் வகுத்துச் சொல்கிறவள். கடைக்காரன் கலப்படம் செய்துவிட்டான் என்று அவனிடம் சண்டைக்குப் போனாள். போன இடத்தில் எலுமிச்சம்பழங்கள் கோழிமுட்டைகளைப்போல் வெளுத்திருந்தன. பிறகு சாமந்தி வெளுத்தது, ஆட்டோக்களின் கூரை வெளுத்தது, அவித்த முட்டையை உடைத்தால் உள்ளும் புறமும் ஒரே வெள்ளைக்கருவாக இருந்தது, சாம்பாரைப் பார்த்தவர்கள் குருமா என்று நினைத்துப் பரோட்டா கேட்டார்கள். பச்சைக்குள் இருந்த மஞ்சளும் கழன்று வெற்றிலையில் நீலம் பாரித்தது, குங்குமம் ரோஜாப்பூ நிறத்துக்கு இளைத்தது. பெண்களின் கழுத்துச் சங்கிலிகள் வெள்ளிபோல் ஆக, அடகுக்கடைக்காரர் பெருமூச்சோடு ஒவ்வொன்றையும் கல்லில் உரசிப் பார்த்து, உரசிய கோடும் வெளுப்பாகவே இருக்க, கடைசியில் எங்கள் முகங்களை நம்பி வாங்கிக்கொண்டார். புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் பொழுது சாய்வதற்குள் வெளுத்தது. வாழைப்பழம் பழுத்ததா இல்லையா என்று பார்க்காமல் அமுக்கி அறியப் பழகினோம். பழகியதும் அதைப் பற்றிய பேச்சு நின்றது.

ஒன்றே ஒன்றுக்குத்தான் தெரு நடுங்கியது. தாலிச்சரடுகள் வெளுத்த அன்று ஒரு பெண்ணும் வாசலுக்கு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வெளுத்த கயிற்றை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, வேலைக்குப் போன கணவர்களைப் போனில் அழைத்தார்கள். ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டால், சும்மாதான் என்றார்கள். போனை எடுக்காத ஒருவனுக்காக ஒரு வீட்டில் அழுகையே எழுந்துவிட்டது. அவன் சாயங்காலம் போண்டாப் பொட்டலத்தோடு வந்து, யார் செத்தது என்று விசாரித்தான். இரவு கவிவதற்குள் எல்லாக் கணவர்களும் எல்லாக் குறைகளோடும் உயிரோடு இருப்பது உறுதியானது. மஞ்சளுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு விட்டுப்போயிற்று என்று லோகநாயகி தீர்ப்புச் சொன்னாள். அம்மனே இப்போது வெள்ளையில் இருக்க ஆசைப்படுகிறாள் என்று கோயில் பூசாரியும் சொல்லிவிட்டதால், நாங்கள் வெளுத்த சரடோடு குழாயடிக்கு வந்தோம்.

அம்சவேணி குழாயடியில்தான் இருந்தாள், வெறுங்கழுத்தோடு. துரைக்கண்ணு போன நாளிலிருந்து அவளை யாரும் எந்த விசேஷத்துக்கும் வராதே என்று சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. வளைகாப்புகளுக்குப் பந்தி முடிகிற நேரம் பார்த்து வருவாள், பாத்திரங்கள் பக்கம் நிற்பாள், தாம்பூலத் தட்டு நகர்ந்து வருகிற வரிசையில் அவள் நிற்பதில்லை. அப்படித்தான் லோகநாயகியின் மருமகள் சத்யாவின் வளைகாப்புக்கும் வந்தாள். ஆனால் அன்றைக்குத் தட்டில் இருந்தது மாவு போன்ற மஞ்சளும், ரோஜா நிறக் குங்குமமும், நீலம் பூத்த வெற்றிலையும். அதில் எந்த அதட்டலும் இல்லை. தட்டோடு நகர்ந்துவந்த லோகநாயகி, பேச்சு மும்முரத்தில், அம்சவேணியிடமும் நீட்டிவிட்டாள். நீட்டியது தெரிந்ததும் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவளே சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அம்சவேணி சிரிக்காமல் சத்யாவின் கையில் ஒரு கண்ணாடி வளையலை, உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து ஏற்றினாள்.

ஐப்பசியில் ஷர்மிளாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் நலங்கு. பெண்ணைப் பலகையில் உட்காரவைத்து, கன்னத்திலும் கையிலும் காலிலும் மஞ்சள் பூசி வாழ்த்துவது. தன் பெண்ணின் நலங்கைக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பதற்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்த அம்சவேணியிடம், வளைகாப்பு முடிந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த லோகநாயகி சொன்னாள்:

"மஞ்சளே மஞ்சளா இல்ல, இதுல யார் தொட்டா இன்னா? ஷர்மிளாவுக்கு நீயே முத கை வையிடி அம்சா. பெத்தவ கைதான?"

அன்று வீட்டுக்குப் போன அம்சவேணி தொட்டிகளின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மீன்களுக்குத் தீனி போட மறந்தாள்.

மழை தொடங்கிய வாரத்தில் கரண்ட் போய், அவளுடைய போன் செத்துக் கிடந்தது. அடுத்த நாள் ரசத்துக்கு மஞ்சள்தூள் எடுத்தவள், டப்பாவின் அடியில் வைக்கோல் நிறத்தில் ஒரு சாயை இருப்பதைப் பார்த்தாள். கரண்ட் வந்து, காத்திருந்த படங்களின் நீலத்தை அவள் எடுத்து முடித்தபோது அந்தச் சாயையும் போயிருந்தது. அப்போது அவளுக்கு விளங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. போனை சார்ஜில் போட்டாள்.

அதன் பிறகு அவள் நீலமில்லாத படங்களிலும் நீலத்தைத் தேடினாள். விற்றுப்போன மீன்கள், செத்துப்போன மீன்கள், மேகம் மூடிய வானம், ஷர்மிளாவின் பள்ளிச் சீருடை, மாலை போட்ட துரைக்கண்ணு — எல்லாவற்றையும் எடுத்து எடுத்து மஞ்சள் பக்கம் தள்ளினாள். தெரு இன்னும் வெளுத்தது. தெரு வெளுக்க வெளுக்க அவள் முகத்தில் மட்டும், நாங்கள் மறந்திருந்த ஏதோ ஒன்று தெளிந்துவந்தது. மழைக்காலத்து வெளுப்பில், ஈரச் சுவர்களுக்கு நடுவில், வேகவைத்துப் பிழிந்த துணிகளைப்போல் நாங்கள் நடமாடினோம். ஒரு கல்யாணம் முடிகிறவரை இந்த வெளுப்பு இருந்தால் போதும் என்று அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு மஞ்சள் வரட்டும்.

நலங்குக்குச் சில நாட்கள் இருக்கும்போது சத்யாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தை ரோஜாப்பூ நிறத்தில் இருந்தான். பார்க்கப் போனவர்கள் எல்லாரும் அந்த நிறத்தைப் பற்றியே பேசினார்கள், லோகநாயகி அதைத் தன் பிறந்த வீட்டு நிறம் என்றாள், அவளுடைய பிறந்த வீட்டாரைத் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தீட்டு என்பதால் தான் நலங்குக்கு உள்ளே வரப்போவதில்லை, வாசலில் நின்று குரலாலேயே நடத்திக்கொடுக்கிறேன் என்றும் அவள் சொல்லியிருந்தாள்.

நலங்குக்கு முதல் நாள் பகலில் அம்சவேணி குழந்தையைப் பார்க்கப் போனாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். நேற்றும் தூங்கினான் என்றாள் சத்யா. மார்பில் வைத்தால் வாய் தொங்குகிறது என்றாள். சொல்லும்போது மாமியார் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டாள். அம்சவேணி குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். அவன் அழுதான், அழுகையில் பலம் இல்லை, மோட்டார் நிற்கப்போகிற தொட்டியில் கடைசிக் காற்றுக்குமிழிகள் எழுகிற சத்தம் மாதிரி இருந்தது. ஷர்மிளா பிறந்தபோது நர்ஸ் செய்ததை நினைத்து, அவன் மூக்கின் மேல் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்தாள். காமாலை இருந்தால் அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிய வேண்டும். வெள்ளையாகத்தான் தெரிந்தது. இந்தத் தெருவில் எதை அழுத்தினாலும் வெள்ளையாகத்தான் தெரியும்.

அவள் சமையலறைக்குப் போய் லோகநாயகியிடம், புள்ள பால் இழுக்கல அக்கா, காமாலையோ இன்னாவோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போய்க் காட்டிடலாம் என்றாள்.

"தூங்கற புள்ளைய எவளாவது எழுப்புவாளா? இந்த மழையில பச்ச உடம்பத் தூக்கினு எங்க போறது? காமாலைன்றியா, ஒரு பொட்டு மஞ்சள் காட்டு, பாக்கலாம்," என்றாள் லோகநாயகி. அம்சவேணி நகராமல் நிற்கவே, கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எங்க வீட்ல இவ்ளோ நெறமா ஒரு புள்ள பொறந்ததில்ல. நீ கண்ணு வெக்காத, போ."

அந்தச் சொல் இத்தனை மாதங்களாக எங்கே இருந்ததோ, கொஞ்சமும் வெளுக்காமல் வந்தது.

வீட்டில் ஷர்மிளா மருதாணிக் கைகளை விரித்துக்கொண்டு, மீன் தொட்டியின் விளக்கொளியில் உட்கார்ந்திருந்தாள். கையை அசைக்க முடியாததால் அம்மாவை ஊட்டிவிடச் சொன்னாள். அம்சவேணி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். மென்றுகொண்டே ஷர்மிளா சொன்னாள், "நாளைக்கு கை நெறைய எடுத்துப் பூசணும் மா. சாம்பாருக்குப் போடற மாதிரி கிள்ளிக் கிள்ளிப் போடாத. எல்லாரும் பாக்கணும்."

அம்சவேணி சரி என்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, போனோடு பின்கட்டுக்குப் போய்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. திருத்திய ஒவ்வொரு படத்துக்கும் அடியில், பழையபடி ஆக்கவா என்று போன் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அதை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. இப்போது தொட்டாள்.

ஒரு மோலி நீலத்துக்குள் மூழ்கியது. எங்கோ ஒரு எலுமிச்சை மஞ்சளானது. ஒரு தங்கமீன் நீலத்துக்குள் மூழ்கியது. கடைவாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம் பழுத்தது. வானம் நீலமானது, சீருடை நீலமானது, துரைக்கண்ணு மாலையோடு நீலத்துக்குள் போனான்; தெருமுனையில் ஆட்டோவின் கூரை விளக்கேற்றியதுபோல் தெரிந்தது, அம்மனின் சேலை எரிந்தது, சாமந்திகள் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. படம் படமாகத் திருப்பிக்கொடுத்தாள், நாளைக்கென்று சேர்த்து வைத்ததையெல்லாம் திருப்பிக்கொடுத்தாள், அழவில்லை, அவசரப்படவும் இல்லை, ஒரு தொட்டியின் மீன்களை எண்ணாமல் ஆற்றில் விடுகிறவள்போல் விட்டுக்கொண்டே இருந்தாள். கழுத்துகளில் பொன் திரும்பியது, சரடுகளில் மஞ்சள் திரும்பியது, பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு மழையிலேயே வாசலுக்கு ஓடிவந்து கழுத்தைக் காட்டிச் சிரித்தார்கள், கோயில் மணி அடித்தது. கடைசிப் படம் நீலமானபோது எதிர்வீட்டில் சத்யா தன் மாமியாரை அழைத்து, விளக்கைப் போடுங்கள் என்றாள்.

விளக்கைப் போட்டார்கள். குழந்தை நெற்றியிலிருந்து உள்ளங்கால்வரை மஞ்சளாகக் கிடந்தான். இமையைப் பிரித்துப் பார்த்தால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் கூரை போட்ட ஆட்டோ ஒன்று தெருமுனையிலிருந்து வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு மழைக்குள் போயிற்று.

மறுநாள் நலங்கு, குறித்த நேரத்தில் நடந்தது. அம்சவேணியே மஞ்சளை அரைத்தாள், அவளே கிண்ணத்தில் வழித்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள், கைகழுவப் போகிறவள்போல் சமையலறைக்குள் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நாங்கள் மஞ்சள் சரடுகளோடு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், கிண்ணம் அத்தனை மஞ்சளாக இருந்தது, நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களில் ஒருத்திக்கும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை.

பலகையில் உட்கார்ந்திருந்த ஷர்மிளா, அம்மா வரட்டும் என்றாள். வருவாங்கம்மா, நீ முகத்தத் திருப்பாம உக்காரு என்று ஒருத்தி சொன்னாள். ஷர்மிளா எழுந்திருக்கப் பார்த்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்சவேணி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். ஷர்மிளா உட்கார்ந்தாள். முதல் கை வேறொருத்தியுடையதாக இருந்தது. பாட்டுப் பாடத் தெரிந்தவர்கள் பாடினார்கள்.

அப்போது கொல்லைப்புறக் கதவை யாரோ தள்ளினார்கள். லோகநாயகி நின்றிருந்தாள், நேற்றுக் கட்டிய சேலையோடு, தலையெல்லாம் நனைந்து. வாசல் பக்கம் வந்து குரல் கொடுக்க அவளுக்குத் தெம்பு இல்லை. தீட்டுக்காரி என்பதால் நிலைப்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னாள்: நேரம் கடத்தியிருந்தால் காமாலை மூளைக்கு ஏறியிருக்கும் என்றார்களாம், ஏறிவிட்டதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்களாம், குழந்தையின் துணியை எல்லாம் அவிழ்த்து, கண்ணைத் துணியால் கட்டி, மஞ்சள் இறங்குவதற்காக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நீல விளக்குக்குக் கீழே போட்டிருக்கிறார்களாம். அப்படியே உன் தொட்டிதான்டி, என்றாள். மீன் மாதிரி கெடக்கறான்.

பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து, ஈரக் கையால் துடைத்துத் துடைத்து நீட்டினாள்.

"கண்ணாடி வழியா எடுத்தேன். ஒரே நீலமாத் தெரியறான், ஒண்ணும் புரியல. நீதான் எடுப்பியே அம்சா. இத எடுத்துட்டு அவன் மூஞ்சியக் காட்டு. மஞ்சள் எறங்கிச்சா இல்லையான்னு நான் பாக்கணும்."

அம்சவேணி வாங்கிப் பார்த்தாள். நீலத்தின் நடுவில் ஒரு கை முஷ்டி, கட்டிய கண்கள், லேசாகத் திறந்த வாய். ஒரு படத்தின் நீலத்தை எடுக்க எவ்வளவு மஞ்சள் போகும் என்று அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஒரு கிண்ணம் போகும். கூடத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. விரலைக் கொஞ்சம் தள்ளினால் போதும், கிண்ணம் வெளுக்கும், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், யாராவது சிரிப்போம், பெற்றவள் கைதானே என்று யாராவது சொல்லுவோம். மகள் பலகையில் திரும்பிப் பார்ப்பாள். லோகநாயகியும் தன் பேரனின் முகத்தை ரோஜாப்பூ நிறத்தில் பார்த்து, மஞ்சள் இறங்கிவிட்டது என்று நம்பி, வீட்டுக்குப் போய்த் தூங்குவாள்.

விரல் கோட்டின் மேல் நின்றது. உள்ளே ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு தொடங்கியது.

"வேணாம்க்கா," என்றாள் அம்சவேணி. "நான் எடுத்துக் காட்டினா அது பொய்யி. அந்த நீலம் அவன் மேலயே இருக்கட்டும்."

லோகநாயகி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு நிலைப்படிக்கு வெளியில் அவளும், உள்ளே இவளும், நடுவில் ஒரு போனைப் பிடித்தபடி நின்றார்கள். திரை அணையும்போதெல்லாம் யாராவது ஒருத்தி அதைத் தொட்டு எழுப்பினாள்.

கூடத்தில், அடுத்தது யார், வாங்க என்று கூப்பிட்டார்கள். கிண்ணத்தில் இன்னும் நிறைய மஞ்சள் இருந்தது.